சக்கரம் எத்தனை அங்குலம்?

தலைப்பைக் கண்ட நம் சங்கத்து அன்பர்கள், இது ஏதோ வண்டிப் பட்டறைக் கணக்கு என்று எண்ணக்கூடும். பட்டறைக் கணக்குத்தான். ஆனால் அந்தப் பட்டறை இருந்தது நமது வீட்டுக் கூடத்தில், தொலைக்காட்சித் திரைக்குள்ளே.

நமது இளைய மகனுக்கு வயது பதினான்கு. 2021ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஃபோர்ஸா ஹொரைசன் 5’ என்னும் வீடியோ விளையாட்டில் அவனுக்குப் பெரும் ஈடுபாடு. மெக்ஸிகோ நாட்டைப் போல் அமைத்த மலைகளிலும் பாலைகளிலும் கார்களை ஓட்டிப் பந்தயம் விடுவது அவ்விளையாட்டு. பந்தயத்துக்கு முன் காரைத் தன் விருப்பம்போல் மாற்றியமைக்கவும் அதில் வசதியுண்டு. இஞ்சின், பிரேக், டயர் ஆகியவற்றை மாற்றலாம். முன் சக்கரத்து ரிம் எத்தனை அங்குலம், பின் சக்கரத்து ரிம் எத்தனை அங்குலம் என்று தனித்தனியே தேர்ந்துகொள்ளலாம். “சிறுபிள்ளை செய்த வேளாண்மை வீடு வந்து சேராது” என்று முணுமுணுத்துக்கொண்டு, நாளிதழுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொள்வது நமது வழக்கம்.

ஒரு நாள் மாலை, 1965ஆம் ஆண்டு மினி கூப்பர் எஸ் காரைத் திரையில் நிறுத்திக்கொண்டு அவன் கேட்டான்: “அப்பா, இதன் சக்கரம் மிகவும் சிறியதாக இருக்கிறது. ரிம்மைப் பெரிதாக்கட்டுமா, உள்ளபடியே விட்டுவிடட்டுமா?”

அவன் நம்மிடம் யோசனை கேட்டு நெடுநாளாயிற்று. அந்த மகிழ்ச்சியில், “தெரியாது” என்று சொல்ல நா எழவில்லை. “எவ்வளவு பெரியது உண்டோ அதையே வை. சக்கரம் பெரிதானால் வேகமும் பெரிதுதானே? நெல்லையப்பர் தேரின் சக்கரத்தைப் பார்த்ததில்லையா?” என்று கம்பீரமாக விடையளித்தோம்.

அவன் அப்படியே செய்தான். அன்று இரண்டு பந்தயங்களிலும் தோற்றான். ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டான். அடுக்களையிலிருந்து நம் வீட்டு அம்மையாரின் குரல் மட்டும் கேட்டது: “அந்தத் தேர் நிலையை விட்டு நகர எத்தனை பேர் வடம் பிடிக்க வேண்டியிருக்கிறது என்பதையும் பிள்ளைக்குச் சொல்லியிருக்கலாமே!”

மறுநாள் அவன் பழைய அளவுக்கே மாற்றி ஓட்டி, முதலாவதாக வந்தான். பிறகு நம்மிடம் வந்து சொன்னான்: “பெரிய ரிம் போட்டதும் காரின் எடை ஏறியது, அப்பா. திரையில் எண் தெரிந்தது. நீங்கள் சொன்னீர்களே என்று நான் அதைக் கவனிக்கவில்லை.”

அவன் குறை கூறவில்லை, நடந்ததைத்தான் சொன்னான். ஆயினும் அந்தச் சொல் நம்மை அன்றிரவு உறங்கவிடவில்லை. கண்ணெதிரே எண் தெரிந்தும், தந்தையின் வாக்கை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டானே! உறவும் சுற்றமும் தொலைவில் இருக்க, புனேயில் வளரும் பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் சொல்ல நாமே இருக்கிறோம். ஊர் வழக்கமா, உறவுமுறையா, தமிழ்ச் சொல்லின் பொருளா, எதைக் கேட்டாலும் உடனே விடை சொல்லிப் பழகிவிட்டோம். அவற்றுள் எத்தனை விடைகள் இந்தத் தேர்ச் சக்கரத்தைப் போன்றவையோ?

ஆகவே, இந்த ஒன்றையாவது முறையாகக் கற்பது என்று உறுதி செய்தோம்.

மினி காரை வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ். அது 1959ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தபோது அதன் ரிம் 10 அங்குலமே. அதற்குக் காரணம் உண்டு. காரின் நீளமோ ஏறத்தாழ 3 மீட்டர். அதற்குள் நால்வர் வசதியாக அமரவேண்டும். சக்கரம் பெரிதானால் அதை மூடும் வளைவு உள்ளே புகுந்து, மனிதர் இருக்கும் இடத்தைத் தின்றுவிடும். அந்தச் சிறு சக்கரங்களோடுதான் மினி 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மாண்டி கார்லோ பந்தயத்தில் வெற்றி கண்டது. 1984ஆம் ஆண்டில் ரிம்மை 12 அங்குலமாக உயர்த்தினார்கள். அதற்கும் காரணம் உண்டு: முன் சக்கரங்களுக்குள் பிரேக் தட்டுகளைப் பொருத்த இடம் வேண்டியிருந்தது. சிறிதாக வைத்ததும் காரணத்தோடு, பெரிதாக்கியதும் காரணத்தோடு.

ரிம்மைப் பெரிதாக்கும்போது சக்கரத்தின் மொத்த உயரத்தை மாற்றாமல் காப்பதே முறை. மாறினால் வேகங்காட்டி பிழையாகக் காட்டும். எனவே, உலோகம் வளர்ந்த அளவுக்கு ரப்பர் மெலியவேண்டும். டயரின் பக்கச்சுவர் குட்டையானால் வளைவுகளில் அது குறைவாகவே நெளியும். ஸ்டியரிங்கைத் திருப்பியதும் கார் சட்டென்று இணங்கும். இது நன்மை. ஆனால், பெரும்பாலும் எடை கூடும். அந்த எடையும் அச்சிலிருந்து விலகி விளிம்பருகே போய் நிற்கும். அதைச் சுழற்றவும் நிறுத்தவும் கூடுதல் வலிமை வேண்டும். வடம் பிடிக்க ஆள் கூடுதலாக வேண்டும் என்று அம்மையார் சொன்னாரே, அதே கணக்குத்தான்!

இந்தப் படிப்பு விரைவிலேயே பயன்பட்டது. மூத்த மகன் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. கோடை விடுமுறையில் திருநெல்வேலிக்குக் காரிலேயே செல்வது என்று முடிவாயிற்று. 1,400 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம். அதற்கு முன் நமது காருக்கு 17 அங்குல அலாய் ரிம்களைத் தன் பணத்தில் வாங்கித் தருவதாக அவன் சொன்னான். முதற் சம்பாத்தியத்தில் தரும் பரிசு! பழைய வழக்கப்படியானால் “வேண்டாம் என்றால் வேண்டாம்” என்றிருப்போம். அவன் முகம் வாடியிருக்கும். இம்முறை இளையவனையும் அழைத்துக்கொண்டு, அளவு நாடாவோடு மூவரும் கார் நிறுத்தத்துக்கு இறங்கினோம்.

டயரில் 185/65 ஆர் 15 என்று பொறித்திருந்தது. அகலம் 185 மில்லிமீட்டர்; பக்கச்சுவர் அதில் நூற்றுக்கு 65 பங்கு, அதாவது ஏறத்தாழ 120 மில்லிமீட்டர்; ரிம் 15 அங்குலம். மூத்தவன் விரும்பியது 205/45 ஆர் 17. அதில் பக்கச்சுவர் 92 மில்லிமீட்டர். இளையவன்தான் கணக்கிட்டான். “மொத்த உயரம் 5 மில்லிமீட்டர்தான் வேறுபடுகிறது, அண்ணா. ஆனால் மெத்தையில் 28 மில்லிமீட்டர் போய்விடுகிறது. பின்னால் ஆச்சி அல்லவா உட்கார்ந்து வரப்போகிறார்கள்?” என்றான்.

மூத்தவன் பேசாமல் குனிந்து டயரைத் தடவிக்கொண்டிருந்தான். திடீரென, “அப்பா, இதைப் பாருங்கள்” என்றான். டயரின் பள்ளங்களுக்கிடையே தேய்மானத்தைக் காட்டுவதற்காகச் சிறு மேடுகள் உண்டு. பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டராகக் குறையும்போது டயரின் மேற்பரப்பு அம்மேடுகளோடு சமமாகிவிடும். அதன்பின் அந்த டயர் ஆகாது. முன் டயர்கள் இரண்டும் அந்நிலையை எட்டியிருந்தன. நாள்தோறும் ஓட்டிய நாம் அதைக் கண்டதேயில்லை! ரிம்மின் அழகைப் பற்றி வாதிட இறங்கியிராவிட்டால், அந்த டயர்களோடுதான் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் சென்றிருப்போம்.

மூத்தவனின் பணம் வீண்போகவில்லை. பழைய அளவிலேயே நான்கு புதிய டயர்கள் வந்தன. அவன் பரிசு பரிசாகவே நின்றது.

ஹூப்ளியைத் தாண்டியபோது மாலை மழை பிடித்துக்கொண்டது. நீர் நிறைந்த பள்ளம் ஒன்று கண்ணில் படவில்லை. சக்கரம் தடாலென்று இறங்கி ஏறியது. நெஞ்சு ஒரு கணம் நின்றது. கார் பிசகாமல் ஓடியது. பின்னிருக்கையில் கண்ணயர்ந்திருந்த நம் அன்னையார் விழித்து, “ஏலே, ஊரு வந்துட்டா?” என்று கேட்டுவிட்டு மீண்டும் உறங்கிவிட்டார்.

பெரிய ரிம் தீது என்று நாம் சொல்ல வரவில்லை. பெரிய ரிம் போட்டால் அந்த விளையாட்டில் காரின் திறன் எண் சற்றே இறங்குகிறதாம். அப்படிக் கிடைத்த இடத்தில் வேறொரு நல்ல உறுப்பைப் பொருத்திக்கொள்ளலாம் என்று இளையவன் இப்போது கண்டுபிடித்திருக்கிறான். அதுவும் ஒரு காரணமே. விளையாட்டில் ஒவ்வொரு விருப்பத்துக்கும் உரிய விலை உடனே எண்ணாகத் தெரிந்துவிடுகிறது. சாலையிலோ, நாமே குனிந்து பார்த்தாலொழிய அது தெரிவதில்லை.

சென்ற வாரம் அவன் மீண்டும் கேட்டான்: “அப்பா, இந்தக் காருக்கு 18 போதுமா, 19 வைக்கட்டுமா?”

நாளிதழை மடித்து வைத்துவிட்டு, “எமக்குத் தெரியாது. எடை என்ன காட்டுகிறது, பார்ப்போம்” என்று சொல்லி அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தோம்.