தலைக்குள் ஓர் இடைவெளி

சைக்கிளிலிருந்து விழுந்து நெற்றியிலே காயம்பட்ட எம் மகளுக்கு, வைத்தியசாலையிலே தலையை ஸ்கேன் செய்தனர். எலும்பு முறிவில்லை, இரத்தக் கசிவில்லை என்றறிந்து மகிழ்ந்தோம். வீடு வந்து அறிக்கையைப் பிரித்தபோதோ, கடைசி வரியிலே ‘கேவம் செப்டம் பெலூசிடம்’ என்று கண்டோம். ‘கேவம்’ என்னும் இலத்தீன் சொல்லுக்குக் குழி என்று பொருளாம். மகளின் மூளையிலே குழியா! அன்றிரவு வீட்டில் ஒருவரும் உண்ணவில்லை.

உயர்தரப் பரீட்சைக்கு இரண்டு மாதமே இருந்தது. “இனிப் படித்து மூளையை வருத்தாதே, பிள்ளை” என்று புத்தகங்களை அலுமாரியிலே வைத்துப் பூட்டினோம். அவள் ஒன்றும் பேசாது கண்கலங்கினாள்.

மூன்றாம் நாள் வைத்தியரிடம் சென்றோம். அவர் படத்தையும் பார்த்தார், மகளையும் பரிசோதித்தார். பின்னர் பொறுமையோடு விளக்கினார். மூளையின் நடுவே, நீர் நிறைந்த இரு அறைகளைப் பிரிக்கும் மெல்லிய தடுப்பொன்று உண்டு. அது இரண்டு ஏடுகளாலானது. தாய்வயிற்றிலே எல்லாக் குழந்தைகளுக்கும் அவ்வேடுகளிடையே இடைவெளி இருக்கும். பிறந்து சுமார் 6 மாதத்துள் பெரும்பாலோருக்கு ஏடுகள் ஒட்டிக்கொள்ளும், சிலருக்கு ஒட்டுவதில்லை. வேறு குறையெதுவும் இல்லாதபோது அது நோயன்று, மருந்தும் வேண்டியதில்லை. இவ்வாறே, அவ்விரு அறைகளுள் ஒன்று மற்றதிலும் சற்றுப் பெரிதாயிருத்தலும் பலரிடம் காணப்படுவதே.

1971 ஆம் ஆண்டிலே லண்டனில்தான் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளை சி.ரி. ஸ்கேன் முறையிலே படமெடுக்கப்பட்டது. அதற்கு முன்னர், இத்தகைய இடைவெளியோடு பிறந்து, கற்று, மணஞ்செய்து, பேரப்பிள்ளைகளையும் கண்டு மறைந்தோர், தம் தலைக்குள் அப்படியொன்று இருந்ததை அறியாமலே வாழ்ந்திருப்பர் அல்லவா?

பனையென்றால் ஒற்றைத் தலையுடையது என்றே எண்ணுகின்றோம். எங்கேனும் கிளைவிட்ட பனையொன்றைக் கண்டால் வியக்கின்றோம். நோயுற்ற மரமென்று தறித்துவிடுகின்றோமா? மனித உடலும் நூலிலே வரைந்த படத்தை அச்சொட்டாக ஒத்திருக்க வேண்டுமென்பதில்லை.

ஸ்கேனிலே காணப்படுவன யாவும் தீங்கற்றவை என்று நாம் சொல்லவரவில்லை. கவனிக்க வேண்டியவையும் உண்டு. எது வேறுபாடு, எது வியாதி என்பதை ஆளையும் படத்தையும் சேர்த்துப் பார்த்து அறிபவர் வைத்தியரே. அறிக்கையின் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நாமே தீர்ப்பளிப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் கொடுமையாகும்.

வீடு திரும்பியதும் அலுமாரித் திறப்பை மகளிடமே கொடுத்தோம். “மூன்று நாள் வீணாய்ப் போயிற்றே, அப்பா” என்றாள். நாம் மறுமொழி கூறவில்லை.