கொடைக்கானல் பங்களாவும் தாண்டிக்குடி வீடும்

கொடைக்கானலுக்கு டூர் போகாத டிபார்ட்மெண்ட் நம்ம காலேஜ்ல இருக்காது. போனவங்க போன்ல ரெண்டு போட்டோ கட்டாயம் இருக்கும். ஒண்ணு ஏரி. இன்னொண்ணு, ஏதாவது ஒரு வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடம் முன்னாடி நின்னு எடுத்தது. அந்தக் கட்டடங்களைப் பத்திக் கொஞ்சம் பேசலாம். நான் சிவில் படிக்கிறேன். சொந்த ஊர் அதே மலையில் இருக்கிற தாண்டிக்குடி.

அடுத்த தடவை போனா ஏழு ரோடு சந்திப்பில் இருந்து கோக்கர்ஸ் வாக் வரைக்கும் மெதுவா நடந்து பாருங்க. இங்கிலாந்துல ஏதோ ஒரு பழைய ஊர்த் தெருவைத் தூக்கி மலைமேல வெச்ச மாதிரி இருக்கும். 1845-ல் அமெரிக்க மதுரை மிஷன்காரங்க, கீழே வெயிலும் காய்ச்சலும் தாங்காம இங்கே வந்து முதல் ரெண்டு பங்களாவைக் கட்டினாங்க. 1863-ல் லெவிஞ்ச் ஏரியை உருவாக்கினார். 1872-ல் கோக்கர் மலை விளிம்பில் நடைபாதை போட்டார். 1884-ல் புனித பீட்டர் ஆலயம். 1901-ல், இப்போ இன்டர்நேஷனல் ஸ்கூலா இருக்கிற பள்ளி.

இதெல்லாம் கைடே சொல்லுவார். அவர் சொல்லாத ஒரு விஷயம் இருக்கு. 1910-கள் வரைக்கும் மேலே மோட்டார் ரோடு கிடையாது. பெரியகுளம் பக்கத்தில் இருந்து ஏறுற மலைப்பாதைதான். துரைமார் டோலியில் வந்தாங்க. சாமான்கள் தலைச்சுமையா வந்துச்சு. 1899-ல் சென்னையில் இருந்து சூரிய ஆய்வகத்தை இங்கே மாத்தினப்பவும் ரோடு இல்ல. அந்தப் பாதைக்கு அவங்க வெச்ச பேரு 'கூலி காட்'. நடைபாதை போட்டவருக்குச் சொந்தப் பேரே நிலைச்சிருச்சு. சுமந்தவங்க எல்லாருக்கும் சேர்த்து 'கூலி'ன்னு ஒரே பேரு.

சரி, இப்போ எங்க வீட்டுக்கு வாங்க. தாத்தா காலத்து வீடு. கல்லும் மண்ணும் வெச்சுக் கட்டின சுவர், மேலே நாட்டு ஓடு. அதை இடிச்சுட்டுத் தளம் போட்ட வீடு கட்டணும்னு அப்பா முடிவு பண்ணிட்டார். "நீதான் சிவில் படிக்கிறியே, பிளான் போட்டுக் கொடு"ன்னார். அவர் சொல்ற காரணத்தை மறுக்க முடியாது. ஐப்பசி மழைக்கு நாலு இடத்துல ஒழுகுது. குரங்கு ஓட்டை உடைக்குது, மாத்திப்போட ஆள் கிடைக்கல. அடுப்புப் புகையில அம்மாவுக்கு இருமல். பாரம்பரியம்னு சொல்லி அவங்களை அதுக்குள்ளேயே இருங்கன்னு சொல்ல எனக்கு மனசு வரல.

ஆனா புது பிளான் வரையறதுக்கு முன்னாடி டேப் எடுத்துப் பழைய வீட்டை அளந்தேன். "இடிக்கப்போற வீட்டை எதுக்குடா அளக்குற?"ன்னு அம்மா சிரிச்சாங்க.

ரெண்டு நாள் ஆச்சு. சுவர் கனம் 22 அங்குலம். காத்து அடிக்கிற பக்கம் ஜன்னலே இல்ல, வெயில் வர்ற பக்கம் மட்டும் ரெண்டு. அடுப்புக்கு நேர் மேலே பரண்; புகையும் சூடும் ஏறி, அங்கே வெச்ச மிளகும் பீன்ஸ் விதையும் பூச்சி விழாம காய்ஞ்சு கிடக்கும். கொடைக்கானல் பங்களாவிலும் இதேதான்: கனமான கல் சுவர், சரிவான கூரை, நடுவுல கணப்பு. குளிரும் மழையும் ஒண்ணு, அதனால விடையும் கிட்டத்தட்ட ஒண்ணு. எங்க வீட்டுக்கு விடை கண்டுபிடிச்ச கொத்தனார் பேரு மட்டும் ஊர்ல யாருக்கும் தெரியல.

செண்பகனூரில் இருந்த ஆங்லாட் என்ற பிரெஞ்சு பாதிரியார், நியூட்டன் என்பவரோட சேர்ந்து பழனிமலைக் கல்திட்டைகளைப் பத்தி எழுதின புத்தகம் 1928-ல் தொல்லியல் துறை வெளியீடா வந்துச்சு. தாண்டிக்குடியிலும் கல்திட்டைங்க இருக்கு. சிலது சரிஞ்சு கிடக்கிறதைப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன். கல்லே சரியுது நண்பர்களே, மண் சுவர் எத்தனை நாளைக்கு?

துரை பங்களாவுக்கு போட்டோவும் இருக்கு, புத்தகமும் இருக்கு. நம்ம வீடுங்க ஜேசிபி வந்த ஒரு காலைப்பொழுதுல காணாமப் போகுது, ஒரு அளவுகூட மிஞ்சாம. எல்லாத்தையும் காப்பாத்த முடியாது. ஆனா அளந்து வைக்கலாம். சர்வே லேபுக்கு வாங்கின டேப் போதும். பிளான், எலிவேஷன், ஒரு செக்ஷன். மெக்கானிக்கல், இசிஇ நண்பர்களே, உங்களாலயும் முடியும். தாத்தா பாட்டி இருந்தா கூட உட்கார வெச்சு, யார் கட்டினது, கல் எங்கே இருந்து வந்துச்சுன்னு கேட்டு அதையும் ஓரத்துல எழுதிக்கோங்க.

எங்க வீட்டுல தை பிறந்ததும் இடிக்கிறாங்க. புது பிளான்லயும் காத்தடிக்கிற பக்கம் ஜன்னல் வைக்கல. அடுப்புக்குப் புகைபோக்கி போட்டிருக்கேன். பரண் மட்டும் வேணும்னு அம்மா சொல்லிட்டாங்க. எங்கே வைக்கிறதுன்னுதான் இன்னும் யோசிச்சிட்டு இருக்கேன்.