பிராட் வீதியின் கொடைக் கடை

ஆக்ஸ்போர்டு நகருக்குச் செல்லும் நம்மவர் பெரும்பாலும் கல்லூரிகளையும் நூல் நிலையத்தையும் கண்டு மகிழ்ந்து, மாலை ரயிலில் லண்டன் திரும்பிவிடுகின்றனர். அந்நகரில் பிராட் வீதி என்றொரு வீதி உண்டு. பெயருக்கேற்ப அகன்ற வீதிதான். வடபுறத்தில் பேலியல், டிரினிடி என்னும் பழம்பெருங் கல்லூரிகள். கீழ்க்கோடியில் ஷெல்டோனியன் மண்டபம். அதற்கு எதிரே, புத்தகப் பிரியர்களைப் பொழுது சாயும் வரையில் சிறைப்படுத்தி வைக்கும் பிளாக்வெல் புத்தகசாலை. பேலியல் கல்லூரிக்கு முன்னால், வீதியின் நடுவே, கற்களால் ஒரு சிலுவைக் குறி பதித்திருக்கிறார்கள். 1555, 1556 ஆம் ஆண்டுகளில் சமயக் கொள்கைக்காக மூவர் உயிரோடு எரிக்கப்பட்டதன் நினைவு அது. இவற்றை எல்லாம் வழிகாட்டி நூல்கள் விரிவாகவே கூறும். நான் எழுத எண்ணுவது அதே வீதியில், 17 ஆம் எண் கட்டிடத்தில் உள்ள ஒரு சிறு கடையைப் பற்றி.

ரெடிங் நகரில் வசிக்கும் என் மகளோடு நான் அங்கே சென்றது மழைத் தூறல் விடாத ஒரு பிற்பகலில். கடை நம் ஊர்ப் பலசரக்குக் கடையினும் பெரிதென்று சொல்வதற்கில்லை. சுவரில் வட்டமான நீலப் பலகை ஒன்று பதிக்கப்பட்டிருந்தது. ஆக்ஸ்பாம் என்று இன்று உலகம் அறிந்த சங்கம் தன் முதல் நிரந்தரக் கடையைத் திறந்த இடம் இதுவே என்பதை அப்பலகை தெரிவிக்கிறது. 1947-48 ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த செய்தி அது.

'கிப்ட் ஷாப்' என்றால் பிறருக்குப் பரிசளிக்கத் தக்க பொருள்களை விற்கும் கடை என்றே நாம் கொள்வோம். இக்கடைக்கும் தொடக்கத்தில் அப்பெயரே வழங்கிற்று. ஆனால் பொருள் தலைகீழ்! இங்கே விற்கப்பட்ட சரக்கே பரிசு. ஊரார் தத்தம் வீட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. கொள்முதல் என்னும் கணக்கே அதற்கு இல்லை. விற்று வந்த பணமோ, கொடுத்தவரும் வாங்கியவரும் தம் வாழ்நாளில் காணாத தேசங்களுக்குப் போயிற்று. ஆகையால் இதனைத் தமிழில் 'கொடைக் கடை' என்பதே பொருத்தமாகும்.

இதன் வரலாறு பசியிலிருந்து தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியரும் அவர்தம் கூட்டாளிகளும் கிரேக்க நாட்டைக் கைப்பற்றினர். பகைவர் வசமாகிவிட்ட நாட்டிற்கு உணவுக் கப்பல் செல்லலாகாதென்று பிரிட்டிஷார் கடல் வழியை அடைத்தனர். 1941-42 குளிர்காலத்தில் ஆதென்ஸ் நகரத் தெருக்களில் மக்கள் பசியால் விழுந்து மாண்டனர். இதனைக் கேட்டு மனம் பொறாத சிலர், 1942 அக்டோபர் 5 ஆம் தேதி, ஆக்ஸ்போர்டில் உள்ள புனித மரியாள் பல்கலைக்கழகக் கோயிலின் பழைய நூலக அறையில் கூடி, பஞ்ச நிவாரணக் குழு ஒன்றை அமைத்தனர். அம்முயற்சிக்குத் துணை நின்றவர்களுள் ஒருவர் கில்பர்ட் மரே. யூரிப்பிடீஸின் நாடகங்களை ஆங்கிலமாக்கிய பேரறிஞர். ஏட்டிலே கிரேக்கத்தைக் காதலித்தவர், ரொட்டி இல்லாத கிரேக்கரையும் மறக்கவில்லை. மற்றொருவர் அக்கோயிலின் குருவாகிய மில்போர்டு. இவர் இளமையில் நம் நாட்டில், ஆல்வாயிலும் ஆக்ராவிலும், கல்லூரி ஆசிரியராகப் பணியாற்றியவர். போர் உச்சத்தில் இருக்கையில், பகைவர் பிடியிலுள்ள நாட்டின் குழந்தைகளுக்கு உணவு செல்ல விடுங்கள் என்று தம் சொந்த அரசாங்கத்திடமே முறையிடுவது எளிய காரியமன்று. தேசத் துரோகி என்ற பெயரை வாங்கித் தரக்கூடியது.

'ஆக்ஸ்போர்டு பஞ்ச நிவாரணக் குழு' என்ற நீண்ட பெயரைத் தந்தி முகவரிக்காகச் சுருக்கியதே 'ஆக்ஸ்பாம்'. 1965-இல் அச்சுருக்கமே பெயராயிற்று.

இக்குழு தர்ம ஸ்தாபனமாகப் பதிவு பெற்ற ஆண்டு 1943. அவ்வாண்டை ஓர் இந்தியன் வேறொரு காரணத்தால் மறத்தற்கியலாது. அதே 1943-இல் வங்காளத்தில் பஞ்சம் தாண்டவமாடிற்று. மாண்டோர் ஏறத்தாழ முப்பது லட்சம் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கணக்கு. சோறு வேண்டாம், வடித்த கஞ்சியையேனும் ஊற்றுங்கள் என்று கல்கத்தா வீதிகளில் வாசல் தோறும் எழுந்த குரலை, அங்கே குடியேறிய நம் குடும்பத்து முதியோர் பலர் சாகும் வரையில் மறக்கவில்லை. கிரேக்கத்திற்குக் கடல் வழியை அடைத்த அதே லண்டன் அமைச்சரவைதான் வங்காளத்திற்குத் தானியக் கப்பல்களை ஒதுக்கவும் தயங்கிற்று. இந்த நினைவு நெஞ்சில் உறுத்த, அக்கடை வாயிலில் நான் சிறிது நேரம் நின்றேன் என்பதை மறைப்பானேன்?

"உள்ளே வாருங்கள் அப்பா, மழையில் நனைகிறீர்களே!" என்றாள் மகள்.

அரசாங்கம் வேறு, அதனை எதிர்த்து மனுச் செய்தோர் வேறு என்று தேறிக்கொண்டு உள்ளே சென்றேன். 1951-இல் பீகாரில் பஞ்சம் தலைகாட்டியபோது இக்குழு பணம் அனுப்பியது. 1966-67 ஆம் ஆண்டுகளில் அதே பீகார் வறட்சியால் வாடிய காலத்திலும் இச்சங்கத்தின் உதவி வந்தது.

உள்ளே கம்பளிச் சட்டைகளும் மேலங்கிகளும் வரிசையாகத் தொங்கின. தேநீர்க் கோப்பைகள், கண்ணாடிக் கிண்ணங்கள், குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்கள், படித்த புத்தகங்கள். ஒவ்வொன்றும் ஒருவர் வீட்டில் புழங்கியது. ஆயினும் பழைய பொருளின் வாடை சிறிதும் இல்லை. ஒரு பேராசிரியர் தோற்றமுடையவர் கழுத்துத் துணி ஒன்றைத் தேர்ந்துகொண்டிருந்தார். அருகே ஒரு மாணவி சமையற்பாத்திரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இருவருக்கும் விலை ஒன்றே. யார் இல்லாமையால் வாங்குகிறார், யார் விருப்பத்தால் வாங்குகிறார் என்று பிரித்தறிய வழியே இல்லை.

பணம் வாங்கும் மேஜையில் ஒரு மூதாட்டி இருந்தார். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவராம். வாரத்தில் இரண்டு நாள் ஊதியமின்றி வருகிறார். ஒரு சட்டையைக் கையில் எடுத்து, "புதிது போலவே இருக்கிறதே, இதையுமா கொடுத்துவிட்டார்கள்?" என்று கேட்டேன்.

"நன்றாக இல்லாததை நாங்கள் மாட்டுவதில்லை, ஐயா. பொத்தான் இல்லாத சட்டையை இங்கே தொங்கவிட்டால், அதை வாங்குகிறவர் ஏழை என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும் அல்லவா?" என்றார் அவர்.

அக்கடையின் சூட்சுமம் முழுவதும் இந்த மறுமொழியில் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றிற்று. மூட்டைகளைப் பின்னறையில் பிரித்துத் தரம் பார்க்கிறார்கள். துணிகளுக்கு நீராவி பாய்ச்சிச் சுருக்கம் நீக்குகிறார்கள். விற்காதவை யார்க்‌ஷயரில் உள்ள அவர்களது பிரிப்புச் சாலைக்குப் போகின்றன. இத்தனைக்குப் பிறகே விலைச் சீட்டு.

அச்சீட்டிலும் ஒரு வேடிக்கை உண்டு. கொடுப்பவர் அந்நாட்டில் வருமான வரி செலுத்துபவராயின், தம் பெயரைப் பதிந்துகொள்ளலாம். அவர் தந்த பொருள் ஒரு பவுனுக்கு விற்றால், அவர் செலுத்திய வரியிலிருந்து 25 பென்சு அரசாங்கம் சங்கத்திற்குச் சேர்க்கும். உங்கள் பொருள் இவ்வளவுக்கு விற்றது என்று கொடுத்தவருக்குத் தகவலும் போகும். கொடையாளியின் பழைய கோட்டுக்கும் ஒரு கணக்கு! நம் நாட்டில் உண்டியலில் போட்டது என்னவாயிற்றென்று கேட்பதே அபசாரமாக எண்ணப்படுகிறது.

இக்கடையை வளர்த்தவர் ஜோ மிட்டி என்பவர். இராணுவத்தில் கேப்டனாக இருந்து, 1949-இல் குழுவின் சம்பள ஊழியராகச் சேர்ந்தார். வந்த பொருள் எதையும் அவர் மறுத்ததில்லையாம். பொய்ப் பற்கள் விற்றார். உயிருள்ள கழுதை ஒன்றையும், படகு வீடு ஒன்றையும் விற்றார். கொடை கேட்பதை வியாபாரமாக மாற்றியவர் என்று அவரைச் சிலர் குறை கூறலாம். நான் அதனைப் பெருமையாகவே கருதுகிறேன். கையேந்தி நிற்பவனைக் காட்டிலும் கடை விரித்தவன் நாளைக்கும் அங்கே இருப்பான்.

ஓர் அலமாரியில் மட்டும் புதுப் பொருள்கள் இருந்தன. 1950-களின் இறுதியில், ஹாங்காங்கில் தங்கியிருந்த சீன அகதிகள் தைத்த ஊசி மெத்தைகளை இச்சங்கத்தார் தம் கடைகளில் விற்கத் தொடங்கினர். ஏழை நாட்டுக் கைவினைஞருக்கு இரக்கத்தை அன்றி விலையை அளிக்கும் வழக்கம் இங்கிலாந்தில் வேரூன்றியதற்கு அதுவும் ஒரு காரணம். நான் அவ்வலமாரியிலிருந்து எடுத்தது ஒரு சணல் கூடை. வங்காளதேசத்தில் பின்னப்பட்டது என்று சீட்டுக் கூறிற்று. அதனை வெகு நேரம் கையில் வைத்திருந்தேன்.

புகழ்மாலை மட்டும் சூட்டிவிட்டுச் செல்வது நேர்மையாகாது. ஹெயிட்டி நாட்டில் 2010-இல் நேர்ந்த நிலநடுக்கத்திற்குப்பின் அங்கே அனுப்பப்பட்ட இச்சங்க ஊழியர் சிலர் நடந்துகொண்ட முறைகேடான விதம் 2018-இல் வெளியாயிற்று. உதவி தேடி நின்ற இடத்திலேயே ஒழுக்கம் தவறியது கண்டு ஆயிரக்கணக்கானோர் மாதக் கொடையை நிறுத்தினர். அரசாங்க விசாரணையும் சங்கத்தைக் கண்டித்தது. சம்பளமின்றிப் பொத்தான் பார்க்கும் மூதாட்டிக்கும் அந்தப் பழியில் பங்கு வந்து சேர்ந்ததே என்பதுதான் என் வருத்தம். கடையில் விற்கும் சரக்கு கோட்டும் கோப்பையும் அல்ல, நம்பிக்கைதான். அது கறைபட்டால் நீராவியால் நீங்காது.

கூடைக்கும், மகள் தேர்ந்த ஒரு கம்பளிச் சட்டைக்கும் பணம் கொடுத்து வெளியே வந்தோம். மகள் அதனை அப்போதே அணிந்துகொண்டாள். "யாரோ உடுத்தியதை" என்று அவள் தாய் அருகில் இருந்தால் முகம் சுளித்திருப்பாள். நம்மிடையே பழைய துணிக்கு இரண்டே வழி. வேலைக்காரருக்குக் கொடுப்போம், அல்லது பம்பாய்க் குடும்பங்கள் அறிந்தபடி, பாத்திரக்காரியிடம் பட்டுப்புடவையைப் பேரம் பேசி எவர்சில்வர் தூக்கு வாங்குவோம். டில்லியில் 1999-இல் தொடங்கிய கூஞ்ச் என்னும் ஸ்தாபனம் மூன்றாவது வழி ஒன்றைக் காட்டியிருக்கிறது. நகரத்துப் பழந்துணிகளைச் செப்பனிட்டுக் கிராமங்களுக்கு அனுப்புகிறது. கிராமத்தார் கிணறு வெட்டியோ பாதை அமைத்தோ அதற்கு ஈடாக அத்துணிகளைப் பெறுகின்றனர். பிச்சை என்று எவரும் சொல்லவொண்ணாது.

மாற்றல் உத்தரவு வரும்போதெல்லாம் நம் சங்கத்துக் குடும்பங்கள் தொட்டிலையும், குளிர்காலக் கம்பளிகளையும், பிள்ளைகளின் பாடப் புத்தகங்களையும் என்ன செய்வதென்று அறியாது பரண்மேல் போட்டுவிட்டுப் போகின்றன. புதிதாகச் சென்னையிலிருந்து வந்திறங்கும் குடும்பமோ அதே பொருள்களைக் கடைவீதியில் தேடி அலைகிறது. நம் சங்கக் கட்டிடத்தில் மாடிப்படிக்குக் கீழே, உடைந்த நாற்காலிகள் அடைந்து கிடக்கும் அறை ஒன்று இருக்கிறது. காரியதரிசி அவர்கள் அதன் சாவியைத் தந்து, சகோதரிகள் இருவர் சனிக்கிழமை மாலை இரண்டு மணி நேரம் மேஜையில் அமர இசைவார்களாயின், தீபாவளிக்கு முன்பே தொடங்கிவிடலாம். வரும் பணம் எங்கே போக வேண்டுமென்பதைப் பொதுக்கூட்டம் முடிவு செய்யட்டும். கணக்கை மாதந்தோறும் இப்பத்திரிகையிலேயே வெளியிடலாம். பொத்தான் தைக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன்.