பனிக்காலத்தில் எந்தப் பாட்டு?



வட இந்திய நகரங்களில் குடியேறி வாழும் நமக்குப் பனிக்காலம் வந்துவிட்டதை நாட்காட்டி அறிவிப்பதில்லை, சமையலறையே அறிவிக்கிறது. குப்பியிலுள்ள தேங்காயெண்ணெய் உறைந்து மெழுகைப்போல் வெளுத்துவிடும். இரவில் கரைத்து வைத்த இட்லி மாவு, விடிந்த பின்பும் பொங்காமல் வைத்தபடியே இருக்கும். மாவுப் பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி, கைக்குழந்தையைப்போலக் கட்டிலின் ஓரத்தில் படுக்க வைக்கும் தாய்மார்களை டில்லியில் நான் சந்திக்கச் செல்லும் வீடுகளிலெல்லாம் கண்டிருக்கிறேன். தாமிரபரணிக் கரையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இக்குளிர் எளிதானதல்ல. டில்லியில் ஜனவரி மாத இரவுகள் சாதாரணமாக 7, 8 டிகிரியை ஒட்டி இருக்கும். சமவெளியில் அது 4 டிகிரியைத் தொட்டாலோ, அதற்கும் கீழே இறங்கினாலோ வானிலைத் துறையார் அதைக் குளிர் அலை என்கிறார்கள்.

குளிரோடு மூடுபனியும் சேர்ந்து வருகிறது. மேற்கிலிருந்து வரும் காற்றழுத்த மாறுபாடு ஈரத்தைக் கொண்டுவந்து விட்டுச் செல்லும். பின்பு வானம் தெளிந்து காற்றும் ஓய்ந்திருக்கும் இரவுகளில், தரை தன் வெப்பத்தையெல்லாம் இழந்துவிட, அதன்மேல் உள்ள ஈரக்காற்று பனிப்புகையாகத் திரண்டு நிற்கும். 50 மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாத காலைகளும் உண்டு.

ஆனால் கண்ணுக்கு மறைவது காதுக்கு மறைவதில்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? மற்ற மாதங்களில் கேட்காத தொலைதூரத்து இரயிலின் ஊதல், பனிக்கால இரவில் அடுத்த தெருவில் ஒலிப்பதுபோல் கேட்கும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் மேலேயுள்ள காற்று சற்றே வெப்பமாயும் இருப்பதால், மேல்நோக்கிச் செல்லும் ஓசை வளைந்து மீண்டும் தரைக்கே திரும்புகிறது. ஆகையால்தான் பனிக்காலம் கேட்பதற்கு ஏற்ற காலம் என்று நான் எண்ணுவதுண்டு. சன்னல்கள் மூடியிருக்கின்றன, மின்விசிறிகள் நின்றுவிட்டன, வீடு அமைதியாயிருக்கிறது.

வேதாகமக் கல்லூரிப் படிப்பை முடித்து 1990-களின் நடுவில் டில்லிக்கு வந்தபோது, பாலிகா பஜாரில் ஓர் ஒலிநாடா வாங்கினேன். 'கால் ஆஃப் த வேலி' என்னும் அந்தத் தொகுப்பு 1967-ல் வெளிவந்தது. சந்தூர் வாசித்தவர் ஷிவ்குமார் ஷர்மா; புல்லாங்குழல் ஹரிபிரசாத் சௌராசியா; மடியில் கிடத்தி வாசிக்கும் கிதார் பிரிஜ்பூஷண் காப்ரா. காஷ்மீர மலைச்சரிவில் ஓர் ஆட்டிடையனின் ஒரு நாளை, காலையிலிருந்து இரவு வரை, வார்த்தையே இல்லாமல் அவர்கள் வாசித்துக் காட்டுகிறார்கள். விடியலுக்கு ஆஹிர் பைரவ், இரவுக்கு தேஸ் என்று இராகங்கள் வரிசையாய் நிற்கின்றன. சந்தூரின் தந்திகளை இரண்டு மெல்லிய மரக்கோல்களால் தட்டும்போது எழும் ஒலி, மூடுபனிக்குள்ளிருந்து பனித்துளிகள் ஒவ்வொன்றாய்ச் சொட்டுவதுபோலவே இருக்கும். 2022 மே மாதம் ஷிவ்குமார் ஷர்மா மறைந்த செய்தியைக் கேட்டபோது, எங்கள் வீட்டில் பழகிய ஒருவர் மறைந்ததுபோலவே உணர்ந்தோம்.

அதோடு, இத்தாலியரான விவால்டி 1725-ல் வெளியிட்ட 'நான்கு பருவங்கள்' என்னும் இசையில் வரும் குளிர்காலப் பகுதியும் எனக்கு விருப்பமானது. அதன் முதற்பகுதியில் குளிரில் நடுங்கிப் பற்கள் மோதிக்கொள்கின்றன. நடுப்பகுதியிலோ வெளியே மழை பெய்ய, உள்ளே நெருப்பருகே ஒருவர் நிம்மதியாய் அமர்ந்திருக்கிறார். ஒரே குளிர்காலம்தான், கதவுக்கு வெளியே ஒன்று, உள்ளே வேறொன்று.

"பாஸ்டர், வார்த்தையில்லாத இசையும், நம்முடையதல்லாத இசையும் ஒரு விசுவாசியின் வீட்டிற்குத் தேவைதானா?" என்று சிலர் என்னிடம் நேரடியாகவே கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்குரிய பதிலை நான் நூலகத்தில் கண்டடையவில்லை. என் வீட்டிலேயே கற்றுக்கொண்டேன்.

2003 ஜனவரியில் என் மாமியார் திருநெல்வேலியில் காலமானார்கள். செய்தி வந்த அன்றே நானும் என் மனைவியும் இரயில் நிலையத்திற்குச் சென்றோம். மூடுபனியின் நிமித்தம் வரவேண்டிய வண்டிகளெல்லாம் வழியிலேயே நின்றிருந்தன. இரவெல்லாம் நடைமேடையில் காத்திருந்தோம். எங்கள் வண்டி மறுநாள்தான் புறப்பட்டது. டில்லியிலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய 2,200 கிலோமீட்டர்; அதற்கப்பால் இன்னும் ஓர் இரவுப் பயணம். நாங்கள் ஊர் சேர்ந்தபோது அடக்க ஆராதனை முடிந்து, கல்லறையில் வைத்த பூமாலைகளும் வாடிவிட்டன. தாயின் முகத்தை என் மனைவி பார்க்கவில்லை.

டில்லிக்குத் திரும்பிய பின்பும் பனி விலகவில்லை. சபையார் மிகுந்த அன்போடு வந்தார்கள். கைதட்டி உற்சாகமான பாடல்களைப் பாடினார்கள். என் மனைவியும் உடன் அமர்ந்து உதடசைத்தாள். அவர்கள் சென்ற பின்பு, "எல்லாரும் நல்ல பாட்டுத்தாங்க பாடினாங்க. ஆனா, எனக்கு அழுறதுக்கு இடம் கிடைக்கலை" என்றாள்.

மறுநாள் பிற்பகல் அடுத்த வீட்டுப் பஞ்சாபித் தாயார் இஞ்சித் தேநீரோடு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. என் மனைவிக்கு அந்நாட்களில் இந்தி அரைகுறை. அவர் ஒன்றும் பேசவில்லை. கம்பளி நூலை எடுத்துப் பின்னிக்கொண்டே அருகில் அமர்ந்திருந்தார். நான் அந்த ஒலிநாடாவை மிகத் தாழ்ந்த ஒலியில் வைத்தேன். சந்தூர் மெல்லத் தொடங்கியது. குழல் வந்து சேர்ந்தது. சற்று நேரத்தில் என் மனைவி அழத் தொடங்கினாள். மரணச் செய்தி வந்த நாள்முதல் அவள் அழுதது அன்றுதான். அந்தத் தாயார் பின்னுவதை நிறுத்தி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். நாடாவின் ஒரு பக்கம் முடியும்வரை யாரும் பேசவில்லை.

அன்பானவர்களே, நீதிமொழிகள் 25-ஆம் அதிகாரம் 20-ஆம் வசனத்தை எடுத்துப் பாருங்கள். துக்கம் நிறைந்த உள்ளத்திற்கு முன்பாகப் பாட்டுப் பாடுவதை, குளிர்நாளில் ஒருவனுடைய மேலாடையை உருவுவதற்கு ஞானி ஒப்பிடுகிறார். பாட்டு தீயதென்று அவர் சொல்லவில்லை. காலம் அறியாத பாட்டு, போர்த்தியிருப்பதையும் பறித்துவிடும் என்கிறார். இந்த வசனத்தைக் கல்லூரியில் நான் படித்திருந்தேன். அதன் குளிரை 2003-லேதான் உணர்ந்தேன். சவுலின் கலக்கத்தைத் தணிக்கத் தாவீது வந்தபோதும், அவன் சுரமண்டலத்தைக் கையால் வாசித்தான் என்றே 1 சாமுவேல் 16-ஆம் அதிகாரம் கூறுகிறது; என்ன பாடினான் என்று கூறவில்லை. யோபுவின் நண்பர்களும் வாய்திறவாமல் அமர்ந்திருந்த முதல் ஏழு நாட்களே அவனுக்கு நல்ல நண்பர்களாயிருந்தார்கள்.

வார்த்தைகள் வேண்டாமா? நிச்சயமாக வேண்டும், ஆனால் அவற்றிற்கும் ஒரு நேரம் உண்டு. நம் சபையில் கிதார் வாசிக்கும் தம்பி, பனிக்காலக் காலையில் வந்தவுடனே சுருதி சேர்ப்பதில்லை. குளிரில் உலோகத் தந்தி இறுகிச் சுருதி ஏறிவிடும். குழலின் சுருதியோ இறங்கிவிடும். அவசரப்பட்டுச் சேர்த்தால், அறை சூடானதும் மறுபடியும் கலைந்துபோகும். ஆகையால் கருவியைக் கால்மணி நேரம் அறையில் வைத்து, அது தன் நிலைக்கு வந்த பின்பே முறுக்காணியைத் தொடுவான். துக்கப்படுகிற உள்ளத்திற்கும் அந்தக் கால்மணி நேரத்தை நாம் கொடுக்க வேண்டும். சிலருக்கு அது சில வாரங்களாகவும் இருக்கலாம்.

பிப்ரவரி இறுதியில் வெயில் ஏறியது. மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த என் மனைவி, தன் தாய் அதிகாலையில் பாடும் பழைய கீர்த்தனை ஒன்றைத் தானாகவே முணுமுணுக்கத் தொடங்கினாள். யாரும் அவளைப் பாடச் சொல்லவில்லை. அன்றுமுதல் எங்கள் வீட்டில் பனிக்காலத்திற்கு ஓர் ஒழுங்கு உண்டு. மூடுபனிக் காலைக்குச் சந்தூர். வேர்க்கடலையும் வெயிலுமாகிய நண்பகலுக்கு அயலாரோடு பேச்சு. இரவில் ரஜாய்க்குள் முடங்குமுன் குடும்ப ஜெபமும் தமிழ்க் கீர்த்தனையும். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் நமக்கு விட்டுச்சென்ற அந்தப் பாடல்களை, டில்லியில் பிறந்த நம் பிள்ளைகள் இப்படித்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

வாசகர்களே, இந்தப் பனிக்காலத்தில் உங்கள் அடுக்குமாடியிலோ, வாடகை அறையிலோ, ஊரில் நேர்ந்த மரணத்திற்குப் போய்ச் சேர முடியாத ஒருவர் இருக்கக்கூடும். திருமணமாகி வந்து முதற்குளிரைக் காணும் இளம்பெண்ணோ, வேலை தேடி வந்து தனியே சமைத்துண்ணும் வாலிபனோ இருக்கக்கூடும். அவர்களிடம் போங்கள். சூடான ஏதாகிலும் கொண்டுபோங்கள். கதவடைத்த அறையில் கரியடுப்பு மூட்டி உறங்குகிறார்களா என்று கவனியுங்கள். அதிலிருந்து வரும் நச்சுவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஒவ்வொரு குளிர்காலத்திலும் அது உயிர்களைக் கொண்டுபோகிறது. அதன்பின்பு அருகில் அமருங்கள். பாட்டு உடனே வேண்டியதில்லை. மெல்லிய இசை இருந்தால் போதும். அதுவும் இல்லாவிட்டால் உங்கள் மௌனமே போதும். அவர்கள் பாடத் தொடங்கும் நாளில் நீங்களும் சேர்ந்து பாடுங்கள்.

குளிரையும் கோடையையும் நியமித்த கர்த்தர்தாமே, இந்தப் பனிக்காலத்தில் உங்களையும் உங்கள் வீட்டாரையும், உங்கள் சுவருக்கு அப்பால் இருப்பவரையும் காத்துக்கொள்வாராக.