ஒரே தீவு, ஒரே கடற்கரை... கிரீஸில் குடும்பத்தோடு 'சும்மா' இருக்கலாம் வாங்க!

'கிரீஸ் டூர்' என்று தேடிப் பாருங்கள். ஒரு வாரத்தில் மூன்று தீவு, நான்கு தீவு என்று பேக்கேஜ்கள் வரிசைகட்டும். புதுமணத் தம்பதிக்கு அது சரி. பாட்டியும் ஐந்து வயது வாண்டும் சேர்ந்து போகும் குடும்பத்துக்கு? பெட்டி கட்டுவதும் அவிழ்ப்பதும் கப்பலுக்கு ஓடுவதுமாகவே விடுமுறை தீர்ந்துவிடும்.

கிரேக்கர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு வார்த்தை, 'சிகா சிகா'. நம் பாஷையில், 'மெள்ள மெள்ள'. அந்த ஊர்க் கடற்கரைக்கு அதுதான் சரியான டூர் பிளான். ஒரு தீவைத் தேர்ந்தெடுங்கள். அங்கேயே இருந்துவிடுங்கள்.

ஏன் நாக்ஸோஸ்?

சைக்ளடீஸ் தீவுக் கூட்டத்திலேயே பெரியது நாக்ஸோஸ். ஏதென்ஸ் அருகே உள்ள பிரேயஸ் துறைமுகத்திலிருந்து சாதாரணக் கப்பலில் சுமார் 5 மணி நேரம். துறைமுகம் இருக்கும் ஊரின் பெயர் சோரா. அங்கிருந்து நடந்துபோகும் தூரத்திலேயே அயியோஸ் யோர்யோஸ் கடற்கரை. மணல் தரை, ரொம்ப தூரம்வரை ஆழமில்லாத தண்ணீர். சின்னக் குழந்தைகளுக்கு இதைவிடத் தோதான இடம் கிடைப்பது கஷ்டம்.

கொஞ்சம் அமைதி வேண்டுமென்றால், பஸ் பிடித்து அயியா அன்னா, பிளாக்கா பக்கம் போகலாம். பிளாக்கா கடற்கரை மட்டும் சுமார் 4 கி.மீ. நீளம். பாறைப் பகுதியில் கால் வைக்கும்போது மட்டும் கவனம். கடல் முள்ளெலி இருக்கும். ரப்பர் செருப்பு அவசியம்.

சாயங்காலம் சோராவில் 'போர்தாரா' வரை ஒரு நடை. 2,500 ஆண்டுகளுக்கு முன் கட்டத் தொடங்கி, முடிக்காமலே விட்ட கோயிலின் பளிங்கு வாசல் அது. சுவர் இல்லை, கூரை இல்லை, வாசல் மட்டும் கடலைப் பார்த்து நிற்கிறது. சூரியன் மறைவதைப் பார்க்க ஊரே அங்கே கூடும்.

துண்டு விரித்தால் காசா?

கடற்கரையில் இறங்கியதும் வரிசையாகக் குடைகளும் சாய்வு நாற்காலிகளும் கண்ணில்படும். வாடகை கொடுத்தால்தான் உட்காரலாம் என்று நினைத்துவிட வேண்டாம். கிரீஸில் கடற்கரை பொதுச் சொத்து. குடைக் கடைகள் மணலை வளைத்துப்போட்டதை எதிர்த்து, 2023-ல் பக்கத்துத் தீவான பாரோஸ் மக்கள் வீதிக்கு வந்தார்கள். 'துண்டு இயக்கம்' என்றே அதற்குப் பெயர் வந்தது. அடுத்த ஆண்டே அரசு சட்டத்தை இறுக்கியது. வாடகைக்கு விடப்படும் கடற்கரையில் பாதியாவது காலியாக இருக்க வேண்டும்; தண்ணீர் ஓரமாக 4 மீட்டருக்கு நாற்காலி போடக் கூடாது. மீறினால் 'மைகோஸ்ட்' என்ற ஆப்பில் யார் வேண்டுமானாலும் புகார் செய்யலாம்.

ஆகவே, வீட்டிலிருந்தே பெரிய துண்டும் ஒரு மடக்குக் குடையும் கொண்டுபோனால் போதும். நான்கு பேர் குடும்பத்துக்கு ஒரு வாரத்தில் நல்ல தொகை மிச்சம். நாற்காலி வேண்டுமென்றால், உட்காரும் முன் வாடகையைக் கேட்டுவிடுங்கள். முன்வரிசைக்கு ஒரு விலை, பின்வரிசைக்கு ஒரு விலை என்று இருக்கும்.

சைவத்துக்கு வழி உண்டா?

தாராளமாக! தக்காளி, குடைமிளகாய்க்குள் அரிசியை அடைத்து வேகவைக்கும் 'யெமிஸ்தா', நம் பருப்பு மசியலின் ஒன்றுவிட்ட தம்பியான 'ஃபாவா', நாக்ஸோஸின் பெயர்பெற்ற உருளைக்கிழங்கு வறுவல்... குழந்தைகள் தட்டு காலியாகிவிடும். 'நிஸ்திசிமோ' என்று கேட்டால் விரதச் சாப்பாடு தருவார்கள். இறைச்சி, பால், முட்டை இருக்காது. ஆனால் அவர்கள் விரதத்தில் இறாலும் கணவாயும் உண்டு. அதுவும் வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

மதியம் சாப்பிட்டதும் தூங்குங்கள். கோடையில் பிற்பகல் 3 முதல் 5.30 வரை ஊரே சத்தம் போடாமல் இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. உண்ட மயக்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு!

எப்போது போவது?

ஜூலை, ஆகஸ்ட்டில் கூட்டமும் வெயிலும் அதிகம். 'மெல்டெமி' என்ற வடகாற்றும் அப்போதுதான் வேகமெடுக்கும். காற்று மிஞ்சினால் கப்பலை நிறுத்திவிடுவார்கள். எந்த மாதம் போனாலும், விமானத்துக்கு முந்தைய இரவே ஏதென்ஸ் வந்துவிடுவது புத்திசாலித்தனம்.

நம் மே மாத லீவில் கடல் இன்னும் சில்லென்றுதான் இருக்கும். செப்டம்பர் கடைசியில் வரும் காலாண்டு விடுமுறைதான் கச்சிதம். கோடை முழுக்கக் காய்ந்த கடல் வெதுவெதுப்பாக இருக்கும், கூட்டம் கரைந்திருக்கும், அறை வாடகையும் இறங்கும். சென்னையிலிருந்து வளைகுடா நகரங்கள் வழியாக ஏதென்ஸுக்கு விமானம் மாறிப் போகலாம். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு விசா கட்டணம் இல்லை.

அங்கே இரவுச் சாப்பாடே ஒன்பது மணிக்கு மேல்தான். பெரியவர்கள் மேசையில் பேசிக்கொண்டிருக்க, குழந்தைகள் ஊர்ச் சதுக்கத்தில் ஓடியாடுவார்கள். நம் பிள்ளைகளுக்கும் பாஷை தெரிய வேண்டியதில்லை, ஒரு பந்து போதும். நாளைக்கு எந்த இடம் பார்க்கப்போகிறோம் என்று யாரும் கேட்காத அந்த ராத்திரிக்காகவே ஒருமுறை போய் வரலாம்.