புர்சாவில் பேயாக இருந்த நாட்கள்

துருக்கியில் இருந்த ஐந்து ஆண்டுகளும் என்னை எல்லோரும் பேய் என்றுதான் கூப்பிட்டார்கள். கேலி இல்லை, மரியாதை. அந்த நாட்டில் ஆண்களை அழைக்கும்போது சொந்தப் பெயருக்குப் பின்னால் ‘பேய்’ என்று சேர்ப்பார்கள், நாம் ‘சார்’ சேர்ப்பது மாதிரி. என் மனைவி வந்து சேர்ந்த முதல் வாரம், மில் வாசலில் காவலாளி என்னை அப்படி வரவேற்றதைக் கேட்டுவிட்டு, “இருபத்தஞ்சு வருஷமா நான் சொல்லிட்டிருக்கேன், இவங்க ஒரே மாசத்துல கண்டுபிடிச்சுட்டாங்களே” என்றாள்.

1998-ல் கோயம்புத்தூர் மில் அனுபவத்தை மட்டும் மூட்டை கட்டிக்கொண்டு புர்சாவுக்குப் போனேன். உலுதா மலையடிவாரத்தில் இருக்கும் ஊர். ஒட்டோமான்களின் முதல் தலைநகர்களில் ஒன்று. பட்டுக்குப் பேர் போனது. துருக்கியின் முதல் தொழிற்பேட்டை அமைந்ததும் அங்கேதான். ஐரோப்பியக் கம்பெனி ஒன்று வாங்கியிருந்த நூற்பாலை, 310 தொழிலாளர்கள், நான் மேலாளர். மெஷினில் எனக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. ரிங் பிரேம் எந்த ஊரிலும் ரிங் பிரேம்தான். ஆட்களைத்தான் படிக்க வேண்டியிருந்தது.

ஆபீஸ் சுவரில் யாருக்குக் கீழே யார் என்று கட்டம் கட்டமாகப் போட்டு மாட்டியிருந்தார்கள். அதில் உஸ்தா என்ற சொல்லே கிடையாது. ஆனால் ஆலை ஓடியது உஸ்தாக்களால். நம் மேஸ்திரியையும் ஃபிட்டரையும் ஒன்றாக்கி, கொஞ்சம் வாத்தியாரையும் கலந்தால் உஸ்தா. உஸ்தாத் என்று நமக்குத் தெரிந்த அதே சொல்தான். பையன்கள் மூத்தவர்களை ‘ஆபி’ என்பார்கள், அண்ணன். பெண்களை ‘அப்லா’, அக்கா. இதெல்லாம் எனக்குப் பழகிய வீடு மாதிரி இருந்தது. எனக்கு முன் அங்கே இருந்த ஐரோப்பிய மேலாளர் ஒரு உஸ்தாவைப் பத்துப் பேர் முன்னால் திட்டிவிட்டாராம். யாரும் எதிர்த்துப் பேசவில்லை, வேலையை நிறுத்தவும் இல்லை. அன்றிலிருந்து அவரிடம் கேட்டதற்கு மட்டும் பதில் வந்தது. கேட்காத விஷயம் ஒன்றுகூட வரவில்லை. ஒரு மேலாளருக்கு அதைவிடப் பெரிய தண்டனை எது?

அடுத்தது டீ. பால் இல்லாத டீ, இடுப்பு சிறுத்த சின்னக் கண்ணாடித் தம்ளரில் வரும். கருங்கடல் கரையில் ரிசே என்ற ஊர்ப் பக்கம் விளையும் தேயிலை. முதல் தம்ளரில் தொழில் பேசக்கூடாது. அம்மாவுக்கு மூட்டுவலி எப்படி, பையன் பட்டாளத்திலிருந்து வந்துவிட்டானா, இதைத்தான் பேச வேண்டும். விஷயம் இரண்டாவது தம்ளரில்தான் வெளியே வரும். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஒருவர் இதில் எத்தனை மணி நேரம் வீணாகிறது என்று கணக்கே போட்டார். “சாப்பிட்டாச்சா?” என்று கேட்காமல் காரியம் பேசத் தெரியாத ஊரிலிருந்து போன எனக்கு இது வீண் என்று தோன்றவே இல்லை.

இன்னொரு பழக்கம் எனக்கு ரொம்பப் பிடித்தது. வேலை செய்துகொண்டிருக்கும் ஒருவரைக் கடந்து போகும்போது ‘கொலாய் கெல்ஸின்’ என்பார்கள். வேலை சுலபமாக முடியட்டும் என்று அர்த்தம். கடைக்காரரிடம் சொல்வார்கள், தெரு பெருக்குபவரிடம் சொல்வார்கள், மேலாளரிடமும் சொல்வார்கள். நம்மிடம் இதற்குச் சரியான சொல் இல்லை என்பதில் எனக்கு இன்றும் ஒரு குறை உண்டு. அவர்களுக்கு என்னிடம் இருந்த குறை வேறு. நம் ஆட்கள் ஆமாம் என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவோமே, அது அவர்களுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. ‘ச்சு’ என்று நாக்கைத் தட்டி இல்லை என்று சொல்வதை மட்டும் இரண்டு பக்கமும் உடனே புரிந்துகொண்டோம்.

மொழி வருவதற்கு ஒரு வருஷம் ஆனது. வினை கடைசியில் வரும், விகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போகும், தமிழ் மாதிரியே. அதில் ஒரு விகுதி எனக்குப் பெரிய உதவி செய்தது. மெஷின் நின்றதைத் தானே பார்த்தவன் ‘துர்து’ என்பான். கேள்விப்பட்டவனோ, பிறகு வந்து பார்த்து ஊகித்தவனோ ‘துர்முஷ்’ என்பான். நின்னுச்சு, நின்னுச்சாம்! நம்முடைய ‘ஆம்’ அங்கே ‘மிஷ்’, சொல்லுக்குத் தக்கபடி ‘முஷ்’ என்றும் மாறும். மொழிபெயர்த்த பெண் இரண்டையும் ஆங்கிலத்தில் மெஷின் நின்றது என்றே சொல்லிவந்தாள். ஆங்கிலத்தில் அதற்குமேல் வழியில்லை, பாவம். எனக்குக் காது திறந்த பிறகு காலைக் கூட்டம் பாதி நேரத்தில் முடிந்தது. ‘முஷ்’ வந்தால் அவரை விட்டுவிட்டு, ‘து’ சொல்லக்கூடிய ஆளைத் தேடுவேன்.

2001 பிப்ரவரியில் துருக்கியின் பணம் சரிந்தது. ஒரு டாலர் ஏறக்குறைய 7 லட்சம் லிராவாக இருந்தது, ஏப்ரலில் 10 லட்சத்தைத் தாண்டிவிட்டது. (ஆமாம், லட்சம்தான். என் சம்பளம் கோடிகளில் இருந்தது. 2005-ல்தான் ஆறு பூஜ்யங்களை வெட்டினார்கள்.) உள்ளூரில் நூல் வாங்கிய கம்பெனிகள் கையை விரித்தன. 42 பேரைக் குறைக்க வேண்டும், பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் போதும் என்று தலைமை அலுவலகத்திலிருந்து ஃபேக்ஸ் வந்தது.

ஃபேக்ஸுக்கு முன்னாலேயே செய்தி ஷெட்டுக்குள் நுழைந்திருந்தது. எந்தப் பக்கம் போனாலும் ‘மிஷ்’. ஆள் குறைக்கப் போறாங்களாம், நாற்பது பேராம், ஐம்பது பேராம். மூத்த உஸ்தாவை அறைக்கு அழைத்து டீ வரவழைத்தேன். அவர் 1989-ல் பல்கேரியாவிலிருந்து வந்தவர். அங்கே துருக்கியர்களின் பெயர்களையே அரசு மாற்ற வைத்தது. அந்தக் கோடையில் மட்டும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எல்லை தாண்டி வந்தார்கள், அதில் நிறையப் பேர் புர்சாவில் தங்கினார்கள். அவர் இரண்டு பெட்டியோடு வந்தவர். முதல் தம்ளர் முழுக்கத் தன் பேத்தியைப் பற்றியே பேசினார். இரண்டாவது வந்ததும், “நிஜமா?” என்றார்.

“நிஜம். 42.”

“பலகையில ஒட்டாதீங்க. எங்களை ஊரை விட்டுப் போன்னு சொன்னவங்களும் காயிதத்துலதான் சொன்னாங்க.”

மறுநாள் அவர் ஒரு கணக்கு நோட்டோடு வந்தார். யார் வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் இரண்டு பேரும் நம் மில்லில், யாருக்குக் கிராமத்தில் ஆலிவ் தோப்பு இருக்கிறது, யாருக்குக் கல்யாணக் கடன் என்று எல்லாம் அதில் இருந்தது. ஒரே வீட்டில் இரண்டு பேரை அனுப்பி அடுப்பை அணைக்கக் கூடாது என்றார். பழைய சட்டப்படி ஆண்கள் 25 ஆண்டு, பெண்கள் 20 ஆண்டு காப்பீட்டுச் சந்தா காலத்தை முடித்திருந்தால் வயது பார்க்காமல் பென்ஷன் உண்டு. 1999-ல் அதை மாற்றிவிட்டாலும், அதற்குள் முடித்தவர்களுக்கு உரிமை போகவில்லை. அப்படிப்பட்டவர்களை அவரே போய்ப் பார்த்துப் பேசியிருந்தார். அங்கே வேலையிலிருந்து அனுப்பினாலும் ஓய்வு பெற்றாலும் சேவையின் ஒவ்வொரு ஆண்டுக்கும் 30 நாள் சம்பளம் தர வேண்டும். நம் கிராஜுவிட்டி 15 நாள்தானே.

20 பேர் பென்ஷனோடு தாங்களாகவே போக முன்வந்தார்கள். மற்றவர்கள் முறை வைத்துச் சம்பளமில்லா விடுப்பு எடுத்தால் இன்னும் 13 பேர் தப்புவார்கள் என்று கணக்கு வந்தது. தலைமை அலுவலகத்தோடு மூன்று நாள் போனில் மல்லுக்கட்டி இதை ஒப்புக்கொள்ள வைத்தேன். மிச்சம் ஒன்பது பேர். அதற்குமேல் அவர்கள் இறங்கவில்லை.

ஒன்பது பேரையும் தனித்தனியாக அழைத்தேன். மொழிபெயர்க்க ஆள் வைத்துக்கொள்ளவில்லை. உஸ்தா கூட உட்கார்ந்திருந்தார். ஒருவர் கத்தினார், நியாயம்தான். ஒரு பெண் பணம் எந்தத் தேதியில் கிடைக்கும் என்று மட்டும் கேட்டாள். கார்டிங்கில் இருந்த ஒரு முப்பது வயதுப் பையன் நான் சொல்லி முடிக்கும்வரை பேசாமல் இருந்துவிட்டு, டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தான். எழுந்து கை குலுக்கினான். கதவுவரை போனவன் திரும்பி, மேஜையில் கிடந்த காகிதக் கட்டைப் பார்த்து, “கொலாய் கெல்ஸின்” என்று சொல்லிவிட்டுப் போனான். பழக்கதோஷமா, மனசாரச் சொன்னானா, இன்றுவரை எனக்குத் தெரியாது. உஸ்தா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

லிரா விழுந்ததில் வெளிநாட்டுக்காரர்களுக்கு எங்கள் நூல் மலிவாகிவிட்டது. அடுத்த ஆண்டு ஏற்றுமதி ஆர்டர் கூடியதும் அந்த ஒன்பது பேரையும் திரும்பக் கூப்பிட்டோம், ஆறு பேர் வந்தார்கள். கார்டிங் பையன் வரவில்லை. இஸ்தான்புல்லில் மினி பஸ் ஓட்டுகிறான் என்று உஸ்தா சொன்னார். அவர் நேரில் பார்க்கவில்லை, அதனால் அதையும் ‘முஷ்’ போட்டுத்தான் சொன்னார்.