நாற்பத்தொன்றாம் பக்கம்

ஏப்ரல், 1999. பிரேசிலின் தெற்கே போர்ட்டோ அலெக்ரே நகரம். இரவு ஏழு மணி. பள்ளிக்கூடத்து விளையாட்டு அரங்கம். கூடைப்பந்து வளையத்துக்கு நேர்கீழே நீள மேசை. மேசைமேல் பதிவுத் தாள்கள், நூல் கட்டிய பேனாக்கள். வரிசை வாசலைத் தாண்டித் தெருவில் நிற்கிறது.

பெயர். தெரு. எந்தச் சங்கம். எழுதத் தெரியாத பெரியவருக்காகப் பின்னால் நிற்கும் பெண் எழுதுகிறார். பெரியவர் பேனா முனையையே பார்க்கிறார். "தெருப் பேரைப் பெரிசா எழுதும்மா" என்கிறார்.

பேருந்து ஒன்று வந்து நிற்கிறது. தெருச் சங்கத் தலைவி படியோரம் நின்று, இறங்குகிறவர்களின் தோளைத் தொட்டுத் தொட்டு எண்ணுகிறார். முப்பத்தெட்டு. 10 பேர் வந்தால் ஒரு பிரதிநிதி, அதுதான் கணக்கு. தலைவி பேருந்துக்குள் ஏறுகிறார். கடைசி இருக்கையில் ஒரு தாத்தா தூங்குகிறார். பக்கத்தில், அவரை எழுப்ப மனம் வராத மகள். கொஞ்ச நேரத்தில் இருவரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்குகிறார்கள். நாற்பது.

அரங்கத்தின் ஓரத்தில் பிள்ளைகளுக்கு விரிப்பு, வண்ணப் பென்சில். மேடையில் இரண்டு இளைஞர்கள் சின்ன நாடகம் போடுகிறார்கள். ஒருவன் தெருக்குழி. மற்றவன் பேருந்து. அரங்கம் விழுந்து விழுந்து சிரிக்கிறது.

சுரைக்குடுக்கை கைமாறுகிறது. உள்ளே மாத்தே இலைத்தூள், வெந்நீர், உலோக உறிஞ்சுகுழல். ஒருவர் குடித்து முடித்து, ஃபிளாஸ்க் வைத்திருப்பவரிடம் திருப்பித் தருகிறார். அவர் மறுபடி நிரப்பி அடுத்தவரிடம் நீட்டுகிறார். முன்பின் தெரியாதவரும் அதே குழலில் வாய் வைக்கிறார்.

முதலில் பழைய கணக்கு. அதிகாரி சென்ற ஆண்டின் வேலைகளை ஒவ்வொன்றாக வாசிக்கிறார். கேட்பவர்களின் மடியில் முதலீட்டுத் திட்டப் புத்தகம் இருக்கிறது. நகராட்சி ஆண்டுதோறும் அச்சிடுவது அது. எந்த வட்டாரம், எந்தத் தெரு, என்ன வேலை, எல்லாம் அதில் உண்டு. மூலைகள் மடிந்திருக்கின்றன. முடிந்த வேலைக்கு நேரே பென்சில் டிக். முடியாததற்கு நேரே கேள்விக்குறி. அதிகாரி ஒரு வரியை விட்டு அடுத்ததற்குப் போகிறார். மூன்று மூலைகளிலிருந்து ஒரே நேரத்தில் குரல் எழுகிறது. அதிகாரி விட்ட வரிக்குத் திரும்புகிறார்.

பிறகு மைக். ஆளுக்கு 3 நிமிடம்.

அரங்கில் பாதிக்குமேல் பெண்கள். முதலில் பேசும் நான்கு பேரும் ஆண்கள். "தோழர்களே" என்று தொடங்குகிறார்கள். கையை எங்கே உயர்த்துவது, எங்கே நிறுத்திக் கைதட்டு வாங்குவது என்பதெல்லாம் அவர்களுக்குப் பழகியிருக்கிறது. மணி அடித்த பிறகும் நான்காமவர் பேசுகிறார். இரண்டாம் மணிக்கு உட்காருகிறார்.

ஐந்தாவதாக ஒரு பெண். ஓடைக்கரைக் குடியிருப்பிலிருந்து வந்தவர். கையில் நான்காக மடித்த தாள். பிரிக்கும்போது தாள் நடுங்குகிறது. மைக் அவர் உயரத்துக்கு மேலே நிற்கிறது. சங்கத் தலைவி எழுந்து போய் அதை இறக்கி வைத்துவிட்டு வருகிறார். ஓடைக்கரைப் பெண் தாளைப் பார்க்கிறார், மடிக்கிறார், பையில் வைக்கிறார். "மழை பெய்தால் கக்கூஸ் தண்ணி அடுப்படிக்கு வருது" என்கிறார். அவ்வளவுதான். இரண்டரை நிமிடம் மிச்சம். மேயர் முன்வரிசையில் குனிந்து எழுதிக்கொள்கிறார். அவருடைய முறை கடைசியில்தான்.

பத்து ஆண்டுக்கு முன் இந்த வரிசை கிடையாது. 1989இல் தொழிலாளர் கட்சியின் ஒலிவியோ துத்ரா மேயராகிறார். வரவு செலவை மக்களே முடிவு செய்யட்டும் என்று கூட்டம் போடுகிறார்கள். மக்கள் பட்டியல் தருகிறார்கள். கஜானாவில் பணம் இல்லை. வருமானத்தில் பெரும்பகுதி சம்பளத்துக்கே போகிறது. வேலை நடக்கவில்லை. 1990இல் நகரம் முழுவதுமாகச் சேர்த்து ஆயிரம் பேர்கூடக் கூட்டங்களுக்கு வரவில்லை. காலி நாற்காலிகளின் ஆண்டு அது. பிறகு வீட்டுவரி திருத்தப்படுகிறது. 1988 அரசியல் சட்டப்படி நகராட்சிகளுக்குக் கூடுதல் பங்கு வந்து சேர்கிறது. தெருவில் குழாய் இறங்குகிறது. அதைப் பார்த்த அடுத்த தெரு கூட்டத்துக்கு வருகிறது. 1989இல் கழிவுநீர் இணைப்பு இருந்தது நூற்றில் 46 வீடுகளுக்கு. 1996இல் நகராட்சிக் கணக்கில் அது 85.

1999இன் குளிர்காலம். பிரதிநிதிகளை ஏற்றிக்கொண்டு ஒரு பேருந்து புறப்படுகிறது. வாக்கெடுப்பில் கை தூக்கும் முன்பு அடுத்தவர் தெருவைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அந்தத் தெருக்காரர் இறங்கி வழிகாட்டுகிறார். மற்றவர்கள் பின்னால் நடக்கிறார்கள்.

முதல் நிறுத்தம் சங்கத் தலைவியின் தெரு. தளம் போடாத மண். பேருந்து மேட்டில் ஏற மறுக்கிறது. தலைவி குழிகளை விரல் நீட்டிக் காட்டுகிறார். ஒரு குழிக்குள் தானே இறங்கி நின்று முழங்கால்வரை ஆழம் காட்டுகிறார். பிரதிநிதிகள் தலையாட்டுகிறார்கள். சிலர் குறித்துக்கொள்கிறார்கள்.

நான்காம் நிறுத்தம் ஓடைக்கரை. பேருந்து தொலைவிலேயே நின்றுவிடுகிறது. அதற்கப்பால் பலகைப் பாலம். ஒவ்வொருவராகக் கடக்கிறார்கள். வீடுகளுக்கு அடியில் கறுப்புத் தண்ணீர் நகர்கிறது. கூட்டத்தில் பேசிய பெண் தன் வீட்டுக் கதவைத் திறந்து வைத்திருக்கிறார். அடுப்படிச் சுவரில், இடுப்பு உயரத்தில், ஒரு கறைக்கோடு. அதற்குமேல் இன்னொன்று. யாரும் விளக்கம் கேட்கவில்லை. கட்டிலின் கால்களுக்கு அடியில் செங்கல். கட்டில்மேல் ஒரு பையன் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறான். தலைவி சுவர்க்கோட்டுக்கு நேரே தன் உள்ளங்கையை வைக்கிறார். பிறகு பையனின் தலை உயரத்தைப் பார்க்கிறார்.

திரும்பும்போது பேருந்தில் பேச்சு குறைவு. ஃபிளாஸ்கும் குடுக்கையும் வலம் வருகின்றன.

வாக்கெடுப்பு ஒரு சங்கக் கட்டடத்தில். இருபது நாற்காலி, நாற்பது பேர். வட்டாரத்துக்கு எவ்வளவு பங்கு என்பதற்குத் தனிக் கணக்கு உண்டு. எந்த வசதி எவ்வளவு குறைவு, எத்தனை பேர் வாழ்கிறார்கள், மக்கள் எதை முதலில் கேட்டார்கள் என மூன்றுக்கும் மதிப்பெண். அதிகம் இல்லாதவருக்கு அதிகம். கரும்பலகையில் பெருக்கல் நடக்கிறது. நான்காம் வகுப்போடு நின்றுவிட்ட ஒருவர் எழுந்து போய் ஒரு பெருக்கலைத் திருத்துகிறார். அவர் சொன்னதுதான் சரி.

தெருக்களை வரிசைப்படுத்துவதுதான் கடினம். சாக்கடைக்கு ஓடைக்கரை, கை தூக்குங்கள். தலைவியின் கை மேலே போகிறது. அவருடைய தெருவின் மற்ற மூன்று பிரதிநிதிகள் அவரையே பார்க்கிறார்கள். ஒரு கை எழுகிறது. இன்னொன்று பாதியில் நிற்கிறது. பிறகு முழுசாக எழுகிறது. மூன்றாமவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

எழுத்தர் பலகையில் எழுதுகிறார். ஓடைக்கரை முதலாவது. தலைவியின் தெரு மூன்றாவது.

"ஊர்ல போய் என்ன சொல்லப் போறீங்க?" கை கட்டியவர் வாசலில் கேட்கிறார்.

"போய்ப் பார்த்துட்டு வரச் சொல்லுவேன்."

அதன் பிறகு செவ்வாய்க்கிழமைகள். 16 வட்டாரங்களிலிருந்தும் இருவர் இருவராக மைய அவையில் கூடுகிறார்கள். சம்பளம் கிடையாது. வேலை முடிந்து வருகிறார்கள். கடைசிப் பேருந்து போகும்வரை இருக்கிறார்கள். விதி, திருத்தம், மறுபடி விதி. ஒரு சமையல்காரர் நிதி அதிகாரியிடம் ஒரு பட்டியலை மூன்றாம் முறையாக விளக்கச் சொல்கிறார். மூன்றாம் முறையாக விளக்கம் கிடைக்கிறது. செப்டம்பர் 30க்குள் வரவு செலவுத் திட்டம் நகர மன்றத்துக்குப் போக வேண்டும். போகிறது. புதிய புத்தகம் அச்சாகிறது.

அடுத்த ஆண்டு. ஓடைக்கரையில் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள். சிமெண்டுக் குழாய்கள் இறங்கிவிட்டன. பாதி மூடியாகிவிட்டது. வேலையைக் கண்காணிக்க அக்கம்பக்கத்தார் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். அதில் கூட்டத்தில் பேசிய பெண்ணும் உண்டு. இப்போது கையில் தாள் இல்லை. தையற்காரியிடம் இரவல் வாங்கிய அளவுநாடா.

நாடா ஒன்றரை மீட்டர்தான். ஒரு முனையைப் பையன் அழுத்திப் பிடிக்கிறான். அம்மா நீட்டுகிறார். சுண்ணாம்புக்கட்டியால் கோடு. பையன் கோட்டுக்கு ஓடுகிறான். மறுபடி நீட்டல், மறுபடி கோடு. ஒப்பந்தக்காரரின் ஆட்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பார்க்கிறார்கள். சங்கத் தலைவியும் வந்திருக்கிறார். எண்ணிக்கை அவர் பொறுப்பு. கடைசி வீட்டுக்கு முன்பே குழாய் முடிந்துவிடுகிறது. பையன் தாண்டிப்போய் அந்த வீட்டு வாசலில் நிற்கிறான்.

பொறியாளர் வருகிறார். வரைபடத்தில் இவ்வளவுதான் என்கிறார். பெண் புத்தகத்தை எடுக்கிறார். பொறியாளரும் தன் பிரதியை எடுத்துப் பக்கங்களைப் புரட்டுகிறார். முன்னே போகிறார், பின்னே வருகிறார்.

"நாற்பத்தொன்றாம் பக்கம், சார்" என்கிறார் பெண். "மேலேர்ந்து மூணாவது வரி."